பிழையும் ஓர் ஆசான்

மருதனார்மடச் சந்தையிலே மரக்கறிகள் குவியும் காலைப் பொழுதில், அவற்றை வளர்த்த கிணற்று நீரைப் பற்றி எண்ணுவோர் சிலரே. இன்று பொத்தானை அழுத்தினால் இயந்திரம் நீரிறைத்துவிடுகிறது. முன்னாளில் நம் செம்மண் தோட்டங்களில் துலாவின் மீது ஆட்கள் முன்னும் பின்னுமாக நடந்து, தம் உடற்பாரத்தாலேயே நீர் இறைத்தனர். அருகில் நின்று பார்த்த சிறுவனுக்கு, நீர் மேலே வரும் காரணம் கண்ணுக்குத் தெரிந்தது. பொத்தானோ காரணத்தை மறைத்துவிடுகிறது. கைப்பேசியின் நிலையும் அதுவே.

ஆகவே, பொறியியலையும் கணினி நிரலாக்கத்தையும் பிள்ளைகளின் கைகளிலிருந்தே தொடங்குவோம். அதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை.

முதலில் துலாவைச் செய்து பார்ப்போம். 30 சென்ரிமீற்றர் அடிமட்டத்தை, 10 என்ற கோட்டின் கீழே ஆறுபட்டைப் பென்சில் அமையுமாறு வையுங்கள். நீண்ட பக்கத்தின் நுனியில் ஒரு நாணயம் வைத்தால், குறுகிய நுனியில் அதே வகை நாணயம் எத்தனை வேண்டும்? தூரம் இரு மடங்கு. ஆதலால் இரண்டு போதும் என்று பிள்ளை கணக்கிடும். வைத்துப் பார்த்தால் போதாது. மேலும் ஒன்றோ இரண்டோ வேண்டியிருக்கும். ஏன்? அடிமட்டத்தின் சொந்தப் பாரமும் நீண்ட பக்கத்தை இழுக்கிறதன்றோ! விடையை நாம் முந்திச் சொல்லலாகாது. பிள்ளையே அதைக் கண்டுபிடிக்கட்டும்.

அடுத்தது முற்றத்து விளையாட்டு. 1967ஆம் ஆண்டில் அமெரிக்காவில் சீமூர் பேப்பர்ட் முதலிய அறிஞர்கள் சிறுவர்க்கென 'லோகோ' என்னும் கணினி மொழியை ஆக்கினர். கட்டளைப்படி நகர்ந்து கோடு வரையும் 'ஆமை' அதனாற் புகழ்பெற்றது. நம் முற்றத்தில் ஒரு பிள்ளையே ஆமையாகட்டும், மற்றொருவர் கட்டளையிடட்டும். "நான்கடி முன்னே செல், 90 பாகை வலப்புறம் திரும்பு." இதனை நான்கு முறை செய்தால் மணலிற் சதுரம் தோன்றும். "நான்கு முறை செய்" என்று சுருக்கிச் சொல்வதே நிரலாக்கத்தின் முதற் பாடம்.

இனிச் சமபக்க முக்கோணம். அதன் கோணம் 60 பாகை என்று படித்த பிள்ளை, 60 பாகை திரும்பச் சொல்லும். மூன்றாம் கோட்டின் முடிவில் ஆமை புறப்பட்ட இடத்திற்கு வந்து சேராது! திரும்ப வேண்டியது வெளிக்கோணமாகிய 120 பாகை என்பதைத் தானே நடந்து அறிந்த பிள்ளை ஒருநாளும் மறவாது.

நம் கோலத்திலும் இத்தகைய ஒழுங்கு உண்டு. 1970களில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் அவருடைய குழுவினரும், கோலங்களைக் கணினியியலின் இலக்கண விதிகளால் விளக்கினர். பெண்பிள்ளைகளுக்காக 1913இலேயே இராமநாதன் கல்லூரி எழுந்த இம்மண்ணில், கோலமிடும் கைகளுக்கு நிரலாக்கம் அந்நியமாகுமோ?

பெற்றோர்களே! பரீட்சைத் தாளில் பிழைக்குப் புள்ளி குறையும். ஆனால் செய்முறையிற் பிழையே வழிகாட்டும். நிரல் எழுதுவோரும் வழுவைத் தேடித் தேடியே தம் வேலையை முடிக்கின்றனர். இந்த ஞாயிறு மாலை, பிள்ளையின் துலா சாய்ந்தால், "ஏன் சாய்ந்தது?" என்று மட்டும் கேளுங்கள். பிறகு சற்றுப் பொறுத்திருங்கள்.