எஞ்சாய் எஞ்சாமியும் எங்கள் லயமும்

நம் சங்கப் பொங்கல் விழாவில் பிள்ளைகள் 'எஞ்சாய் எஞ்சாமி'க்கு ஆடியதை அன்பர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பெரியவர்களும் எழுந்து ஆடினார்கள். நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். பாட்டு பிடிக்காமல் அல்ல.

2021 மார்ச் மாதம் வெளிவந்த தனிப்பாட்டு அது. சினிமாப் பாட்டு அன்று. இசை சந்தோஷ் நாராயணன். எழுதியவர் அறிவு, தீயும் அவரும் பாடினார்கள். அதே ஆண்டில் பிரான்ஸ் நாட்டு மின்னணு இசைக் கலைஞர் டி.ஜே. ஸ்னேக் அதைப் புதுத் தாளத்தில் கலந்து வெளியிட்டார். அந்தத் துள்ளலுக்குள் ஒப்பாரியின் இழுப்பும் இருக்கிறது, கேட்டிருப்பீர்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த அறிவின் பாட்டி வள்ளியம்மாளின் கதைதான் பாட்டுக்கு வித்து.

1964-ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம், அந்தத் தோட்ட மக்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று ஒதுக்கியது. அவர்களை யாரும் கேட்கவில்லை. 1981-இல் நான் மண்டபம் பக்கம் இரயில் பாதை வேலையில் பயிற்சியில் இருந்தேன். கப்பலில் வந்து இறங்கியவர்கள் தகரப் பெட்டிகளோடு பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு கிழவி என்னிடம், "தம்பி, இந்த வண்டி எந்தத் தோட்டத்துக்குப் போகுது?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அந்தக் கேள்வி எனக்கு அந்நியமில்லை. நான் பீர்மேட்டுத் தோட்டத்தில் பிறந்தவன். என் தாயார் கொழுந்து கிள்ளியவர். எங்கள் முன்னோரைக் கங்காணி அழைத்து வந்தது கடல் தாண்டி அல்ல, கம்பம், குமுளி வழியாக. மற்றபடி அதே கூடை, அதே அட்டைக்கடி. ஆங்கிலத்து 'லைன்' இரண்டு மலையிலும் லயம் ஆனது. திரும்பி வந்தவர்களில் சில குடும்பங்களை வண்டிப்பெரியாற்றிலிருந்து போகும் கவியில், கேரள வன வளர்ச்சிக் கழகத்தின் ஏலத் தோட்டங்களில் குடியேற்றினார்கள். மறுபடியும் லயம்தான்! 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பீர்மேட்டிலும் சில தோட்டங்கள் மூடின. சம்பளம் நின்றது, போக்கிடமில்லாதவர்கள் ஒழுகும் லயத்திலேயே இருந்தார்கள். அவர்களில் என் உறவினரும் உண்டு.

விழா முடிந்து வரும்போது பேத்தியிடம் இதையெல்லாம் சொன்னேன். "பூட்டி வீட்டில் எத்தனை ரூம் தாத்தா?" என்றாள். ஒன்று என்றேன், நம்பவில்லை. வரும் விடுமுறையில் அழைத்துப் போகிறேன். இடுக்கி மாவட்டத்தில் இரயில் கிடையாது. மதுரை–தேனி அகலப் பாதை 2022-இல் திறந்தாயிற்று. தேனியில் இறங்கி, கம்பம், குமுளி வழியாகப் பஸ்.