சூரியனில் ஹைட்ரஜன் மறைந்திருந்த கதை

உப்புப் போட்டுக் கொதிக்கும் தண்ணீர் பொங்கி வழிந்தால், கேஸ் அடுப்பின் நீலச் சுடர் சட்டென்று மஞ்சளாகும். உப்பில் இருக்கும் சோடியத்தின் வேலை அது. அந்த மஞ்சளின் அலைநீளம் சுமார் 589 நானோமீட்டர். சூரிய ஒளியை நிறம் நிறமாகப் பிரித்தால், அதே இடத்தில் இரண்டு கறுப்புக் கோடுகள் ஒட்டினாற்போல நிற்கும். ஜெர்மனியில் கண்ணாடி வில்லை செய்துவந்த ஃபிரான்ஹோஃபர், 1814-இல் இதுபோல ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட கோடுகளைக் குறித்துவைத்தார். சூடான சோடியம் எந்த ஒளியை உமிழுமோ, தன் வழியே வரும் ஒளியிலிருந்து அதையேதான் உறிஞ்சும் என்று 1859-இல் கிர்க்காஃப் விளக்கினார்.

அந்த ஒளியை மட்டும் ஏன்? ஹைட்ரஜனை வைத்து நீல்ஸ் போர் 1913-இல் பதில் சொன்னார். அணுவுக்குள் எலெக்ட்ரான் தன் இஷ்டத்துக்கு எந்த ஆற்றலிலும் இருக்க முடியாது. ஹைட்ரஜனின் அடிநிலைக்கும் அடுத்த நிலைக்கும் இடைவெளி 10.2 எலெக்ட்ரான்வோல்ட். மூன்றாம் நிலைக்கு 12.09. சரியாக 10.2-உடன் வரும் ஒளித்துகளை, அதாவது ஃபோட்டானை, அணு உறிஞ்சிவிடும். 11 இருந்தால் தேவையானதை எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிடலாமே? முடியாது. ஃபோட்டானை முழுசாக விழுங்க வேண்டும், இல்லையேல் தொடக்கூடாது. 13.6-ஐத் தாண்டினால் இந்தக் கறார் இல்லை. எலெக்ட்ரான் அணுவை விட்டே வெளியேறிவிடும்.

உறிஞ்சிய ஒளியை அணு பெரும்பாலும் திருப்பி உமிழ்ந்துவிடும். ஆனால் அது எல்லாத் திசையிலும் சிதறிப் போவதால், நம் பக்கம் வரும் கதிரில் அந்த இடம் மங்கிக் கறுப்பாகத் தெரிகிறது.

இதில்தான் வானியலாளர்கள் ஏமாந்தார்கள். 10.2 என்பது புற ஊதா. கண்ணுக்குத் தெரியும் 656.3 நானோமீட்டர் சிவப்பை உறிஞ்ச, ஹைட்ரஜன் அணு முன்கூட்டியே இரண்டாம் நிலையில் இருந்தாக வேண்டும். ஏறக்குறைய 5,800 கெல்வின் வெப்பமுள்ள சூரியப் பரப்பில் அப்படிப்பட்ட அணு பத்துக் கோடிக்கு ஒன்றுகூடத் தேறாது. கால்சியத்துக்கு அந்தச் சிக்கல் இல்லை. எலெக்ட்ரான் ஒன்றை இழந்த கால்சியம் அடிநிலையில் இருந்தபடியே 393.4 நானோமீட்டர் ஒளியை உறிஞ்சும். அதனால் பத்து லட்சம் ஹைட்ரஜனுக்கு இரண்டு என்ற கணக்கில் மட்டுமே இருந்தும், அதன் கோடு ஹைட்ரஜன் கோட்டைவிட அழுத்தமாக விழுகிறது. கோட்டின் அழுத்தத்தைப் பார்த்து, சூரியனும் பூமியைப் போல உலோகங்கள் நிறைந்ததுதான் என்று பலரும் நம்பிவிட்டார்கள்.

எந்த வெப்பத்தில் எத்தனை அணுக்கள் எலெக்ட்ரானை இழக்கும் என்ற கணக்கை மேக்நாத் சாஹா 1920-இல் தந்தார். அதை நட்சத்திர நிறமாலைகளில் போட்டுப் பார்த்த செசிலியா பெய்ன், 1925-இல் தம் ஆய்வேட்டில் ஹைட்ரஜனே மிகமிக அதிகம் என்ற விடைக்கு வந்தார். மூத்த வானியலாளரான ஹென்றி நாரிஸ் ரஸ்ஸல் அதை ஏற்கவில்லை. பெரியவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டு, அந்த விடை உண்மையாக இருக்காது என்று பெய்னே எழுதவேண்டி வந்தது. நான்கு ஆண்டு கழித்து வேறு வழிகளில் கணக்கிட்ட ரஸ்ஸலுக்கும் அதே விடைதான் கிடைத்தது.