ஆகாயத் தாரையும் காந்தப் புரியும்

கன்னி ராசியில், ‘3சி 273’ என்று விஞ்ஞானிகள் குறிக்கும் வஸ்து ஒன்றுண்டு. தூரதர்சினியில் மங்கலான நக்ஷத்திரம் போலவே தோன்றும். 1962-ம் வருஷம் சந்திரன் அதனை மறைத்துச் சென்ற வேளைகளில், ஆஸ்திரேலியாவிலுள்ள பார்க்ஸ் ரேடியோ தூரதர்சினியைக் கொண்டு, ஸிரில் ஹஸார்டும் அவரது சகாக்களும் அதன் ரேடியோ அலைகள் எக்கணம் மறைந்தன, எக்கணம் மீண்டன என்று கணித்தார்கள். அலைகள் ஓரிடத்திலிருந்தன்று, இரண்டிடங்களிலிருந்து வருகின்றன என்பது விளங்கிற்று. ஒன்று அந்த ‘நக்ஷத்திரம்’. மற்றொன்று அதினின்று பீறிட்டோடும் தாரையின் நுனி. மறு வருஷமே மார்ட்டன் ஷ்மிட் அதன் ஒளியை ஆராய்ந்து, அது நக்ஷத்திரமன்று, கற்பனைக்கெட்டாத தூரத்திலுள்ளதென்று காட்டினார். இன்றைய கணக்குப்படி அத்தூரம் சுமார் 240 கோடி ஒளி வருஷம்!

அவ்வளவு தூரத்திலுள்ள காந்தத்தை அளப்பதெப்படி என்று வாசகர்கள் கேட்கலாம். தாரையின் ரேடியோ அலைகள் வெப்பத்தால் பிறப்பவை அல்ல. ஒளியின் வேகத்தை நெருங்கி ஓடும் எலெக்ட்ரான்கள் காந்த மண்டலத்தில் சிக்கிச் சுழல்வதால் பிறப்பவை. ஆதலின் அவ்வலைகள் பெரிதும் ஒரு தளத்திலேயே அதிர்கின்றன. காந்தம் தோய்ந்த மின்வாயுவின் ஊடே வருகையில் அத்தளம் திரும்பிப் போகிறது. நீண்ட அலைகளில் மிகுதியாகவும் குறுகியவற்றில் குறைவாகவும். பல அலைநீளங்களில் அளந்து ஒப்பிட்டால், காந்தம் நம்மை நோக்கி வருகிறதா, விலகிச் செல்கிறதா என்பது தெரிந்துவிடும்.

ஹவாய் முதல் வர்ஜின் தீவுகள் வரை நிறுவப்பெற்ற 10 அன்டெனாக்களை ஒன்றாக இணைத்துக் கண்டவற்றினின்று, தாரையின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு இத்திருப்பம் படிப்படியாக மாறுகிறதென்று 2002-ல் ஜப்பானியர் வெளியிட்டனர். கயிற்றுப் புரி போலக் காந்தம் தாரையைச் சுற்றியிருக்கிறது என்பது அவர்கள் கொண்ட முடிவு. 2005-ல் அமெரிக்கரும் அம்மாற்றத்தையே கண்டனர். தாரை சிதறாமல் லக்ஷக்கணக்கான ஒளி வருஷம் ஓடுவதற்கு இப்புரியும் ஒரு காரணமாகலாம்.

நிற்க. ஏழை நாட்டிற்கு இவ்வாராய்ச்சி எதற்கு என்போர் நம்மிடையே இருக்கிறார்கள். ஹஸார்ட் கையாண்ட அதே கிரகண முறைக்கென்றே, கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் நம்மவரே வகுத்துக் கட்டிய 530 மீட்டர் நீளமுள்ள ரேடியோ தூரதர்சினி, 1970 முதல் நமது உதகையில் இருக்கிறது. அங்கே மலைச்சரிவின் சாய்வு அவ்விடத்து அக்ஷாம்சத்திற்குச் சமமாக அமைந்தபடியால், தூரதர்சினியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக நிற்கிறது. அந்த ஓர் அச்சில் திருப்பினாலே போதும், ஒரு வஸ்துவை மணிக்கணக்கில் பின்தொடரலாம். நீலகிரிக்கு உல்லாச யாத்திரை செல்லும் நம்மவரில் எத்தனை பேர் முத்தோரைப் பக்கம் எட்டிப் பார்த்திருக்கிறார்கள்?