உங்களுக்குத் தெரியுமா? குமரிக்காரர்களின் விமான நிலையம்

கன்னியாகுமரி மாவட்டத்தில் விமான நிலையம் கிடையாது. நாகர்கோவில்காரர் விமானம் ஏற, களியக்காவிளை எல்லையைத் தாண்டித் திருவனந்தபுரம் போகிறார்.

ஒரு காலத்தில் அது வெளியூர் அல்ல. 1935 நவம்பர் 1 அன்று டாடா நிறுவனத்தின் சிறிய தபால் விமானம் அங்கிருந்து பம்பாய்க்குக் கிளம்பியபோது, குமரியின் நாஞ்சில் நாடும் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில்தான் இருந்தது. சரியாக 21 ஆண்டுகள் கழித்து, 1956 நவம்பர் 1 அன்று குமரி தமிழ்நாட்டோடு இணைந்தது. விமான நிலையம் எல்லைக்கு அப்பால் நின்றுவிட்டது!

அந்தத் தபால் சேவைதான் 1946இல் ஏர் இந்தியாவாகி, 1953இல் அரசுடைமையாகி, 2022 ஜனவரியில் மீண்டும் டாடாவிடமே வந்து சேர்ந்தது. அதன் குறைந்த கட்டணப் பிரிவான ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ், 2005 ஏப்ரல் 29 அன்று தன் முதல் விமானத்தை அனுப்பியது திருவனந்தபுரத்திலிருந்து அபுதாபிக்கு. வளைகுடாவில் உழைக்கும் குமரி இளைஞர்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி! 2011இல் புதிய சர்வதேச முனையமும் திறக்கப்பட்டது. ஊர் திரும்புகிறவர்கள் கயிறு கட்டிய அட்டைப்பெட்டிகளைத் தள்ளுவண்டியில் அடுக்கிக்கொண்டு வெளியே வரும்போது, வாசலில் நாஞ்சில் தமிழும் மலையாளமும் கலந்தே கேட்கும்.

இன்னொரு அதிசயம்: பங்குனி, ஐப்பசி ஆராட்டு நாள்களில் இங்கே விமானங்கள் சில மணி நேரம் நிறுத்தப்படும். திருவனந்தபுரம் கோயிலின் பத்மநாபசுவாமி நீராடச் சங்குமுகம் கடற்கரைக்கு எழுந்தருளும் வழி, ஓடுபாதையின் குறுக்கேதான் போகிறது.