கண்ணாடி இழையை மறைய வைக்கும் சூடு

மதுரைக்குப் பக்கத்துக் கப்பலூர்ப் பட்டறைகளில் தகரக் கூரைக்கு நடுவே ஒன்றிரண்டு ஃபைபர் ஷீட் போட்டிருப்பார்கள். வெளிச்சம் வரும், மேலே உட்கார்ந்திருப்பது காக்கையா புறாவா என்று தெரியாது. இத்தனைக்கும் அதில் இருப்பது கண்ணாடி இழையும் பாலியெஸ்டர் ரெசினும்தான். இரண்டுமே தனித்தனியாக ஒளியை விடுபவை.

பஜ்ஜி மடித்த தாளில் எண்ணெய் ஊறிய இடம் மட்டும் வெளிச்சம் விடும். நார்களுக்கு இடையே காற்று இருந்தவரை ஒளி ஒவ்வொரு நாரிலும் முட்டிச் சிதறியது. எண்ணெயின் ஒளிவிலகல் எண் நாரின் எண்ணுக்கு நெருக்கம் என்பதால் சிதறல் குறைகிறது. ஷீட்டில் அந்த நெருக்கம் போதவில்லை. இழைக்கு 1.55, ரெசினுக்கு 1.56 என்றால்கூட, அடுக்கடுக்கான இழைகளைத் தாண்டுவதற்குள் ஒளி கலைந்துவிடும். காற்றுக்குமிழி மாட்டிக்கொண்டால் கேட்கவே வேண்டாம்.

இந்த இடைவெளியைச் சூட்டால் அடைக்கலாம். சுமார் 1200 டிகிரியில் உருகிய கண்ணாடியை நுண்துளைகள் வழியே இழுக்கும்போது, தலைமுடியைவிட மெல்லிய இழை கண் இமைப்பதற்குள் இறுகிவிடுகிறது. அணுக்கள் நெருங்கி உட்கார நேரமில்லை. அதனால் அடர்த்தி குறைவு, ஒளிவிலகல் எண்ணும் குறைவு. அதே இழையை உருகாத அளவுக்குச் சில நூறு டிகிரியில் வைத்திருந்தால் அணுக்கள் நெருங்குகின்றன. எண் மெல்ல ஏறுகிறது. வெப்பத்தையும் நேரத்தையும் கூட்டிக் குறைத்து மூன்றாம் தசம இடம்வரை திருத்தலாம். ஏற்றத்தான் முடியும், இறக்க முடியாது. விலையும் உண்டு: ரெசினோடு ஒட்டவைக்கும் மேற்பூச்சு கருகிவிடும், இழையின் பலமும் பாதிக்கு மேல் போகலாம்.

இன்னொரு சிக்கலை டென்மார்க் இயற்பியலாளர் கிறிஸ்டியன்சன் 1884இல் கண்டார். திரவத்தில் போட்ட கண்ணாடித் தூள், எண் பொருந்திய ஒரு நிறத்தை மட்டும் நேரே விட்டது; சூடு மாறினால் அந்த நிறமும் மாறியது. இதன் கோட்பாட்டை 1949இல் எழுதியவர் திருவானைக்காவலில் பிறந்த சி.வி. ராமன்.

சூடு மாறுவதுதான் மதுரைக்கு முக்கியம். ஒரு டிகிரி ஏறினால் பிளாஸ்டிக்கின் எண் 0.0001 அல்லது அதற்கு மேலும் இறங்கும். கண்ணாடி ஏறக்குறைய அசையாது. 25 டிகிரி ஆய்வகத்தில் பொருத்திய தகடு, சித்திரை மத்தியானம் 60 டிகிரியில் மங்கிவிடும். இங்குள்ள கூரைக்கென்று செய்தால் இழையைக் கொஞ்சம் குறைவாகவே சுட்டு, 45 டிகிரிக்குப் பொருத்த வேண்டும். விடிகாலையில் லேசாக மங்கலாக இருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்?