பனிச்சாலையில் லாரியை நிறுத்தும் முடிவு யார் கையில்?

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தின் வடபகுதியில், நிப்பிகன் ஆற்றின் குறுக்கே கட்டப்பட்ட புதிய பாலத்தின் தளம், 2016 ஆம் ஆண்டு ஜனவரி 10 ஆம் தேதி, கடும் குளிருக்கும் பலத்த காற்றுக்கும் இடையே, ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் மேலெழும்பி நின்றது. பாலம் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டு அப்போது இரண்டு மாதங்கள்கூட ஆகியிருக்கவில்லை. கனடாவின் கிழக்கையும் மேற்கையும் அந்நாட்டு மண்ணிலேயே இணைக்கும் ஒரே நெடுஞ்சாலை அதனால் அறுந்தது. இரு கரைகளிலும் சரக்கு லாரிகள் தேங்கின. மறுநாள் ஒரு தடம் மட்டும் திறந்துவிடப்பட்டது.

பின்னர் நடந்த ஆய்வுகள், பாலத்தின் வடிவமைப்பிலும், அதன் மரையாணிகளை முறுக்கிய விதத்திலும் குறைகள் இருந்ததைக் கண்டறிந்தன. கோளாறுக்குக் காரணம் ஏற்கெனவே இருந்த குறைகளே என்பதே அந்த ஆய்வுகளின் சாரம்.

அந்தப் பாலத்தைக் கடந்து செல்லும் லாரித் தொழிலைப் பற்றியும் ஏறக்குறைய இதையே கூறலாம். பனிக்காலச் சாலை விபத்துகளுக்கு வானிலையின் மீது பழி போடுவது எளிது. ஆனால் பனி பெய்யும்போது ஓட்டுநர் எடுக்க வேண்டிய மிக முக்கியமான முடிவு ஒன்றுதான்: தொடர்ந்து ஓட்டுவதா, நிறுத்திவிடுவதா? அந்த முடிவை எடுக்கும் பொறுப்பு ஓட்டுநருடையது என்று சட்டம் சொல்கிறது. ஆனால் அதைச் சுதந்திரமாக எடுக்கும் நிலையில் தொழில் அவரை வைத்திருக்கிறதா என்பதே கேள்வி.

வெப்பநாட்டிலிருந்து வந்தவர்கள்

கனடாவில் நெடுந்தூர லாரி ஓட்டுபவர்களில் குடியேறிகளின் பங்கு கணிசமானது. இந்தியாவின் பஞ்சாபிலிருந்து சென்றவர்கள் இத்தொழிலில் பெருமளவில் உள்ளனர். டொரன்டோவிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் வாழும் தமிழர்கள் சிலரும் இத்தொழிலில் ஈடுபட்டுள்ளனர். இவர்களில் பலர் பனிப்பொழிவை முதன்முதலில் கண்டதே கனடாவுக்குச் சென்ற பின்னர்தான்.

டொரன்டோவிலிருந்து மனிடோபா மாகாணத் தலைநகர் வின்னிபெக்குக்குக் கனடா வழியாகச் செல்லும் தூரம் 2,000 கிலோமீட்டருக்கும் அதிகம். இதில் சூ செயின்ட் மேரி நகருக்கும் தண்டர் பே நகருக்கும் இடைப்பட்ட சுமார் 700 கிலோமீட்டர் நீளப் பகுதி, சுப்பீரியர் ஏரியின் கரையை ஒட்டி, பெரும்பாலும் எதிரெதிர்த் திசைக்கு ஒவ்வொரு தடம் மட்டுமே கொண்ட சாலையாகச் செல்கிறது. நடுவில் தடுப்பு கிடையாது. பல மாதங்கள் உறையாமல் கிடக்கும் ஏரிப்பரப்பின் மேல் வீசும் குளிர்காற்று, ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து கரையேறியதும் பனியாகக் கொட்டுகிறது. சிறிது நேரத்திற்கு முன்வரை தெளிவாகத் தெரிந்த சாலை சில நிமிடங்களில் வெண்மைக்குள் மறைந்துவிடக்கூடும்.

புறப்படும் முன்னரே தொடங்கும் வேலை

இச்சாலையில் செல்லும் ஓட்டுநரின் பனிக்கால நாள், எஞ்சினை இயக்குவதற்கு முன்னரே தொடங்கிவிடுகிறது. கனரக லாரிகளின் பிரேக், அழுத்தப்பட்ட காற்றால் இயங்குவது. அந்தக் காற்றில் ஈரம் கலந்திருந்தால் அது குழாய்களுக்குள் உறைந்து பிரேக்கைச் செயலிழக்கச் செய்யலாம். ஆகவே காற்றுத் தொட்டிகளில் சேர்ந்த நீரை வெளியேற்ற வேண்டும். ஈரமான சாலையில் ஓடிவந்து இரவில் நிறுத்திய டிரெய்லரின் பிரேக் கட்டைகள், காலையில் சக்கர உருளையோடு ஒட்டி உறைந்திருப்பதும் உண்டு. அப்போது ஓட்டுநர் வண்டிக்கு அடியில் நுழைந்து, சுத்தியலால் தட்டி அவற்றை விடுவிக்க வேண்டியிருக்கிறது.

டீசலுக்கும் குளிர் ஒரு சோதனைதான். டீசலில் இயல்பாகவே மெழுகுப் பொருள் கலந்திருக்கிறது. வெப்பநிலை வெகுவாகக் குறைந்தால் அது திரண்டு வடிகட்டியை அடைத்துக்கொள்ளும். குளிர்ப் பிரதேசங்களில் இதைத் தாங்கும் வகையில் தயாரிக்கப்பட்ட டீசல் விற்கப்படுகிறது. ஆனால் அமெரிக்காவின் தென்பகுதியில் தொட்டியை நிரப்பிக்கொண்டு மூன்று நாட்களில் வடக்கே பூஜ்யத்துக்குக் கீழ் 30 டிகிரிக்குள் நுழையும் வண்டி, நடுவழியில் நின்றுபோகலாம். புகையைச் சுத்திகரிக்க இன்றைய லாரிகளில் ஊற்றப்படும் யூரியாக் கரைசலும் பூஜ்யத்துக்குக் கீழ் 11 டிகிரியில் உறைந்துவிடுகிறது.

பழைய மின்விளக்குகள் தம்மேல் படிந்த பனியைத் தமது சூட்டால் உருக்கிவிடும். இப்போதைய எல்.இ.டி. விளக்குகளுக்கு அந்தச் சூடு இல்லை. பின்விளக்குகள் பனியால் மூடப்பட்டால் பின்னால் வருபவருக்கு லாரியே தெரியாது. எனவே அடிக்கடி இறங்கித் துடைக்க வேண்டும். டிரெய்லரின் கூரையில் இறுகிய பனி, ஓட்டத்தில் பாளமாகப் பெயர்ந்து பின்னால் வரும் காரின் கண்ணாடியில் விழும் ஆபத்தும் உண்டு.

மிகக் கடுமையான குளிரே மிக ஆபத்தானது என்று நினைப்பதும் தவறு. பூஜ்யம் டிகிரியை ஒட்டிய வெப்பநிலையில்தான் பனிக்கட்டியின் மேல் மெல்லிய நீர்ப்படலம் நின்று, சாலை மிக அதிகமாக வழுக்குகிறது. கண்ணுக்குத் தெரியாத அந்தப் பனிப்படலத்தைக் கண்டுகொள்ள அனுபவம் மிக்க ஓட்டுநர்கள் சில அடையாளங்களைக் கவனிக்கின்றனர். சாலை ஈரமாகத் தோன்றியும் முன்னால் செல்லும் வண்டியின் சக்கரங்களிலிருந்து நீர் தெறிக்கவில்லை என்றால், அது நீரல்ல, பனிக்கட்டி. பக்கக் கண்ணாடியின் தாங்கியில் பனிக்கட்டி படியத் தொடங்குவதும் ஓர் எச்சரிக்கையே.

சரக்கற்ற டிரெய்லர் பாதுகாப்பானது என்பதும் தவறான எண்ணமே. பாரம் இல்லாத சக்கரங்கள் சாலையை இறுகப் பற்றுவதில்லை. அவசரமாக பிரேக் பிடித்தால், டிரெய்லர் பக்கவாட்டில் சுழன்று, முன்னால் உள்ள இழுவை வண்டியோடு பேனாக்கத்தி போல மடங்கிக்கொள்ளக்கூடும். இருவழிச் சாலையில் அப்படி மடங்கும் வண்டி எதிர்த் தடத்தையும் அடைத்துவிடும்.

கடிகாரமும் கூலியும்

இத்தனை ஆபத்துகளுக்கும் பொதுவான மருந்து ஒன்று உண்டு. வேகத்தைக் குறைக்க வேண்டும், தேவையானால் நிறுத்திவிட வேண்டும். இங்குதான் சிக்கல் தொடங்குகிறது.

கனடாவின் மத்திய அரசு விதிகளின்படி, நாட்டின் தென்பகுதியில் ஓர் ஓட்டுநர் ஒரு நாளில் அதிகபட்சம் 13 மணி நேரம் வண்டி ஓட்டலாம். சரக்கு ஏற்றுவது, வண்டியைப் பரிசோதிப்பது உட்பட மொத்த வேலை நேரம் 14 மணியை எட்டிய பின்னர் அவர் ஓட்டக் கூடாது. இதைப் பதிவு செய்யும் மின்னணுக் கருவி 2023 ஜனவரி முதல் முழுமையாக அமலாக்கப்படுகிறது. களைப்புற்ற ஓட்டுநர்களைச் சாலையிலிருந்து விலக்கி வைப்பதே இவ்விதிகளின் நோக்கம். அது நியாயமான நோக்கமும்கூட.

ஆனால் பனிக்காலக் கணக்கு வேறு. சூ செயின்ட் மேரியிலிருந்து தண்டர் பே வரையிலான 700 கிலோமீட்டரை மணிக்குச் சராசரியாக 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒன்பது மணி நேரத்துக்குள் கடந்துவிடலாம். பனியில் அதே சராசரி 50 கிலோமீட்டராகக் குறைந்தால் 14 மணி நேரம் தேவைப்படும். அதாவது, கவனமாக ஓட்டுபவர் ஊர் போய்ச் சேருவதற்கு முன்னரே அவருடைய சட்டபூர்வமான நேரம் தீர்ந்துவிடுகிறது.

மோசமான வானிலையில் மேலும் இரண்டு மணி நேரம் வரை ஓட்டிப் பயணத்தை முடிக்க விதிகள் இடமளிக்கின்றன. ஆயினும் புறப்படும் முன்னர் தெரிந்திராத, தெரிந்திருக்கவும் வாய்ப்பில்லாத வானிலைக்கு மட்டுமே இச்சலுகை பொருந்தும். முன்னறிவிப்பில் சொல்லப்பட்ட பனிப்புயலுக்குள் அனுப்பிவைக்கப்பட்ட ஓட்டுநர் இதைக் கோருவது கடினம். ஒதுங்கி நிற்கலாம் என்றாலோ, வாவா, மாரத்தான் போன்ற சிற்றூர்களுக்கு இடையே 40 டன் வண்டியை நிறுத்துவதற்கான இடங்கள் மிகக் குறைவு. காவல்துறை நெடுஞ்சாலையை மூடும் நாட்களில் அந்த ஊர்களின் எரிபொருள் நிலையங்கள் லாரிகளால் நிரம்பி வழிகின்றன.

இதற்கு மேல் கூலி. வட அமெரிக்காவின் நெடுந்தூர ஓட்டுநர்களில் பெரும்பாலோருக்கு ஓட்டிய மைல் கணக்கில்தான் ஊதியம். சக்கரம் சுழன்றால் பணம். பனிப்புயலில் காத்திருக்கும் நேரத்துக்கு அற்பத் தொகையோ, எதுவுமே இல்லாத நிலையோதான் பல நிறுவனங்களில் நிலவுகிறது. பாதுகாப்பான முடிவை எடுப்பவர் அதற்கான விலையைத் தன் சட்டைப் பையிலிருந்து கொடுக்கிறார்.

புதிதாகக் குடியேறியவர்களின் நிலை இன்னும் பலவீனமானது. ஊழியராகச் சேர்க்காமல், ஓட்டுநரையே ஒரு தனி நிறுவனமாகப் பதிவு செய்ய வைத்து, ஒப்பந்தக்காரர் என்ற பெயரில் வேலை வாங்கும் வழக்கம் கனடாவில் பரவலாக உள்ளது. இவ்வாறு வேலை செய்பவருக்கு ஊதியத்துடன் கூடிய விடுப்போ, மிகைநேர ஊதியமோ கிடைப்பதில்லை. ஊழியர்களைத் தவறாக வகைப்படுத்துவதை மத்திய தொழிலாளர் சட்டம் 2021 ஜனவரியில் தடை செய்தது. 2024 ஆம் ஆண்டில், ஒருவர் ஊழியர் அல்ல என்பதை நிரூபிக்கும் பொறுப்பு வேலை கொடுப்பவர் மீதே சுமத்தப்பட்டது. எனினும் ஓட்டுநர் முன்வந்து முறையிடாவிட்டால் சட்டத்தின் பலன் குறைவு. "இந்தப் பனியில் போகமாட்டேன்" என்று சொன்னால் அடுத்த பயணம் கிடைக்காது என்று அஞ்சுபவர் முறையிட முன்வருவது அரிது.

உறைந்த ஏரியில் வேறு விதி

இதே கனடாவில் இதற்கு நேர்மாறான ஓர் ஏற்பாடும் உண்டு. வடமேற்குப் பிரதேசத்தின் யெல்லோநைஃப் நகருக்கு அருகிலிருந்து வைரச் சுரங்கங்களை நோக்கிச் செல்லும் சுமார் 400 கிலோமீட்டர் பனிச்சாலை, 1982 முதல் ஆண்டுதோறும் புதிதாக அமைக்கப்படுகிறது. அதன் பெரும்பகுதி உறைந்த ஏரிகளின் மேல் செல்கிறது. பொதுவாக பிப்ரவரி, மார்ச் ஆகிய இரண்டு மாதங்களே அது திறந்திருக்கும்.

பாரமேற்றிய லாரிகளுக்கு அங்கு வேக வரம்பு மணிக்கு 25 கிலோமீட்டர். லாரி செல்லும்போது பனித்தளத்தின் கீழுள்ள நீரில் அலை எழுகிறது. வேகம் கூடினால் அந்த அலை பனித்தளத்தை உடைத்துவிடலாம். ஆகவே எத்தனை வண்டிகள், எவ்வளவு பாரம், எவ்வளவு இடைவெளி, எப்போது மூடுவது என்பதையெல்லாம் பனியின் தடிமனை அளந்து சாலையை நடத்துபவர்களே முடிவு செய்கின்றனர். 2006 ஆம் ஆண்டு குளிர் போதாமல் சாலை முன்கூட்டியே மூடப்பட்டபோது, எஞ்சிய சரக்கை விமானத்தில் கொண்டுசெல்ல நேர்ந்தது. அந்தச் செலவைச் சுரங்க நிறுவனங்கள் ஏற்றன.

பார்ப்பதற்குப் பயங்கரமான உறைந்த ஏரியில், நிறுத்தும் முடிவு ஓட்டுநரின் தனிப்பட்ட துணிச்சலுக்கு விடப்படவில்லை. சாதாரண நெடுஞ்சாலையிலோ, காவல்துறை தடுப்பை இறக்கும் வரை, அது அவர் ஒருவரின் தலையில்தான்.

பொறுப்பும் தண்டனையும்

அந்தச் சுமை எவ்வளவு கனமானது என்பதை 2018 ஏப்ரல் 6 ஆம் தேதி சஸ்காச்சுவன் மாகாணத்தில் நிகழ்ந்த விபத்து காட்டியது. ஹம்போல்ட் நகரின் இளைஞர் ஐஸ் ஹாக்கி அணி சென்ற பேருந்தின் பாதையில், நிறுத்தக் குறியீட்டைக் கவனிக்காமல் ஒரு லாரி குறுக்கிட்டதில் 16 பேர் உயிரிழந்தனர், 13 பேர் காயமடைந்தனர். அதற்குப் பனி காரணம் அல்ல. ஆனால் லாரியை ஓட்டியவர் அப்பணிக்குப் புதியவர். அவருக்கு 2019 இல் எட்டு ஆண்டு சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. பாதுகாப்பு விதிகளை மீறியதை ஒப்புக்கொண்ட லாரி நிறுவன உரிமையாளருக்கு விதிக்கப்பட்ட அபராதம் 5,000 கனடிய டாலர்.

விபத்துக்குப் பின்னர் மேற்கு மாகாணங்கள் பயிற்சியைக் கட்டாயமாக்கின. ஒன்டாரியோ அதற்கு முன்னரே, 2017 ஜூலையில், குறைந்தது 103.5 மணி நேரப் பயிற்சியைக் கட்டாயமாக்கியிருந்தது. எனினும் ஜூலையில் பயிற்சி முடித்து உரிமம் பெறுபவர், பனியில் லாரி ஓட்டும் முதல் அனுபவத்தைச் சம்பளத்துக்கு ஓட்டும் முதல் டிசம்பரில்தான் பெறுவார். பயிற்சி மணிகளைக் கூட்டுவது மட்டும் இந்த இடைவெளியை நிரப்பாது.

சாலையிலும் சில முன்னேற்றங்கள் ஏற்பட்டுள்ளன. வடக்கு ஒன்டாரியோவின் 11 மற்றும் 17 ஆம் எண் நெடுஞ்சாலைகளில், புயல் ஓய்ந்து 12 மணி நேரத்துக்குள் பனியை அகற்ற வேண்டும் என்று 2022 இல் தரம் உயர்த்தப்பட்டது. முன்னர் அது 16 மணி நேரமாக இருந்தது. முந்திச் செல்வதற்கான நடுத் தடம் இரு திசைகளுக்கும் மாறிமாறிக் கிடைக்கும் வகையில் சாலையை அகலப்படுத்தும் சோதனைத் திட்டமும் அறிவிக்கப்பட்டுள்ளது.

ஆனால் புயல் வீசிக்கொண்டிருக்கும் அந்த மணி நேரங்களுக்கு இவை எதுவும் விடையளிக்கவில்லை. காத்திருக்கும் நேரத்துக்கும் கூலி, பாதுகாப்பாக ஒதுங்கி நிற்க இடம், முன்னறிவிக்கப்பட்ட புயலுக்குள் வண்டியை அனுப்பிய நிறுவனத்துக்கும் பொறுப்பு ஆகிய மூன்றும் இல்லாத வரை, நிறுத்தும் உரிமை காகிதத்தில் மட்டுமே இருக்கும். வாவாவுக்கு வெளியே பார்வை மறைந்த சாலையில் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவர், எதிரே வருபவரின் உயிரையும் தன் உயிரையும் ஒரு பக்கமும், அந்த வாரத்து வருமானத்தை மறுபக்கமும் வைத்து எடைபோட்டுக்கொண்டே ஓட்ட வேண்டியிருக்கும்.