கடல் கடந்த கொழுக்கட்டைப் புல்

மத்தியதரைக் கடலோர மணல்மேடுகளில் முயல்வால் புல் என்றொரு புல் வளர்கிறது. பஞ்சுபோன்ற அதன் கதிர்களைக் காயவைத்துச் சாயமேற்றிப் பூச்சாடிகளில் அழகுக்கு வைப்பது மேனாட்டார் வழக்கம். வாசகர்களே, அதைக் கண்டு வியப்பதற்கு முன், விருதுநகர், சாத்தூர், சிவகாசி வட்டாரத்து மானாவாரி நிலங்களைச் சற்று நோக்குங்கள். மழைக்குப் பின் வரப்போரங்களில் நரிவாலைப் போல மெத்தென்று அசைந்தாடும் கதிர் ஒன்று தென்படும். அதுவே கொழுக்கட்டைப் புல்.

அழகுக்காக இதை எவரும் வளர்ப்பதில்லை. ஆடு மாடுகளுக்கு இதுவே விருந்து. காங்கேயம், தாராபுரம் பகுதிகளில் வெள்வேல மரங்களும் கிளுவை வேலியும் சூழ்ந்த 'கொறங்காடு' மேய்ச்சல் நிலங்களுக்கு உயிர்நாடி இப்புல்தான். வேர் ஆழ இறங்குவதால் வறட்சியிலும் மடியாது. விதைப்பவர்கள் ஒன்றை நினைவிற் கொள்ளல் வேண்டும்: புதிய விதை எளிதில் முளைக்காது, சில மாதங்கள் வைத்திருந்தே விதைத்தல் நலம். பஞ்சுபோல் காற்றில் பறக்குமாதலால் ஈரமணலுடன் கலந்து தூவுவர்.

இப்புல்லின் கடற்பயணம் சுவையானது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் சுமை ஏற்றிச் செல்ல ஒட்டகங்களுடன் முஸ்லிம்கள் பலர் அழைத்துச் செல்லப்பட்டனர். பலூசிஸ்தான், சிந்து, பஞ்சாப் பகுதியினரும் அவர்களுள் இருந்தும், எல்லோரையும் 'ஆப்கானியர்' என்றே அந்நாட்டார் அழைத்தனர்! அடிலெய்டு நகரில் 1880களின் இறுதியில் அவர்கள் எழுப்பிய பள்ளிவாசல் இன்றும் தொழுகையால் சிறந்து விளங்குகிறது. அவர்களுடைய ஒட்டகச் சேணங்களில் அடைத்திருந்த புல்லிலிருந்து 1870களில் இவ்விதை அம்மண்ணில் விழுந்தது என்பர். பின்னர் அரசும் பண்ணையாரும் மேய்ச்சலுக்காகத் தாமே விதைத்தனர்.

விளைவு விபரீதமாயிற்று. அங்கும், அமெரிக்காவின் அரிசோனாவிலும் இது காடெனப் பரவி, காய்ந்ததும் பெருந்தீக்கு இரையாகிறது. தீயில் கருகினாலும் வேரிலிருந்து மீண்டும் தழைக்கும். தீயை அறியாத பாலைவனக் கள்ளிகளோ மாண்டுபோகின்றன. 2023இல் ஹவாய் மாநிலத்தின் லஹைனா நகரை அழித்த தீயைப் பரப்பிய அயல்நாட்டுப் புற்களுள் இதுவும் ஒன்று. சீமைக் கருவேலத்தை நாம் நொந்துகொள்வதுபோல, நம் புல்லை அவர்கள் நொந்துகொள்கிறார்கள்!

நம்மிடம் இது அவ்வாறு அடங்காமற் போகாததற்கு ஆடு மாடுகளின் வாயே பெருங்காரணம். மேய்ச்சலற்ற இடத்தில் காய்ந்த புல் புல்லாகவே நிற்கும். பட்டாசுக் கூடங்களின் வேலிக்குள் ஆடுகள் நுழைவதில்லை. வெடிமருந்துக் கிடங்குகளைச் சுற்றிக் காய்ந்த புல் பூண்டை அகற்றி வைக்கவேண்டும் என்று விதிகள் கூறுவது இதனாலேயே. அங்கே வேலைக்குச் செல்லும் சகோதரிகளும் சகோதரர்களும், கோடைக்கு முன்பே அப்புல் அறுக்கப்பட்டுவிட்டதா எனக் கேட்டறிதல் அவசியம். அறுத்த புல்லைக் கேட்டால், ஆடு வளர்ப்போர் மகிழ்ந்தே எடுத்துச் செல்வர்.